மாதிரி மூட்டை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, அடுத்த வாசல் தையல்காரம்மா எழுதுவது. எனக்கு உடம்பு தேவலை. காதுதான் முன்னைவிட மோசம். உனக்கும் உன் சம்சாரத்துக்கும் உடம்பு எப்படி என்பதை மழுப்பாமல் எழுது.

நாம் மூட்டை தூக்கின தானியக் கிடங்கின் தகரக் கூரை புயலில் பறந்து தண்டவாளத்தில் போய் விழுந்ததே, அந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். முதலாளியின் மூத்த மகன் கணக்கர் மகளோடு ஓடிப்போனதும், நம் அறை நெட்டையன் குலுக்கலில் சைக்கிள் ஜெயித்து, ஓட்டத் தெரியாமல் ஊரெல்லாம் தள்ளிக்கொண்டே திரிந்ததும் அதே வருஷம். அந்த வருஷம்தான் நாமெல்லாம் தங்கியிருந்த அறைக்கு ஊசிக்காரர் வர ஆரம்பித்தார். "சத்து ஊசி ஒண்ணு போட்டுக்க, முதுகு உன்னுதா இரும்பான்னு உனக்கே தெரியாது" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வரிசையாக உட்காருவீர்கள். அவரிடம் இருந்தது ஒரே சிரிஞ்சு. ஒருத்தன் கையிலிருந்து உருவுவார், டம்ளர் வெந்நீரில் ஒரு முக்கு முக்குவார், அடுத்தவன் கையில் குத்துவார்.

ஊசி என்றால் எனக்குப் பயம். கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். "அண்ணனுக்குப் பிரசவ வலிடா, வெந்நி வைங்க!" என்று நாம் பவுடர் என்று கூப்பிட்டவன் கத்துவான். நீதான் அதிகம் சிரிப்பாய்.

பவுடர் போனான். நெட்டையன் போனான். நெஞ்சுச் சளி என்றார்கள், நம்பினோம். போன மாதம், அதே வரிசையில் உட்கார்ந்த நம் மேஸ்திரியும் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் சம்சாரம் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "எச்ஐவியாம் அண்ணே. வருஷக்கணக்கா உள்ளேயே கிடந்து தின்னிருக்கு. டெஸ்ட் எடுக்கச் சொன்ன டாக்டரையே இவரு அடிக்கப் போனாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே ஓட்டியிருக்கலாமாம்."

நான் அந்த ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்கின ராத்திரிகளில் அறையில் தனியாகத் தூங்கினவனும் நான்தான். அதைப் பற்றி வேறெதுவும் எழுத வேண்டாம் என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாரும் ஒரே பிளேடில் சவரம் செய்தோம் அல்லவா? அதனால் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் "கண்ணை மூடிக்கலாமா?" என்றேன். "கண்ணை மூடிக்குங்க, என் கையை விடுங்க" என்றாள். முடிவு சொல்கிற அம்மா கதவைச் சாத்திவிட்டு மெல்லத்தான் சொன்னாள். "என்னது?" என்றேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் "என்னது?" என்றேன். அப்புறம் "உங்களுக்கு இல்லைங்க ஐயா!" என்று அவள் போட்ட சத்தம் மருந்து வாங்குகிற வரிசை வரைக்கும் போயிருக்கிறது. வெளியே வந்தால் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எனக்குக் கை கொடுக்கிறார்.

போனில் சொல்லலாம் என்றால் நான் கத்த, நீ கத்த, இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். அதனால் எழுதச் சொன்னேன். இந்த வாரமே போய் டெஸ்ட் எடு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகமே. உங்கள் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு குளிரில் வெளியே போகாமல் இருக்கவும்.

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கும் எடைமேடைக்கு வந்த லாரி டிரைவர்தான் தபால்காரரிடம் வாங்கிக் கொடுத்தான். உறையின் ஒட்டு சரியாக இல்லை. அந்தப் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் எழுதத்தான் வேண்டுமா? இத்தனை நாள் உங்களுக்கு மட்டும் தெரிந்தது, இப்போது ஒரு தையல்காரிக்கும் தெரியும்.

ஆனாலும் நிம்மதியாக இருக்கிறது. உங்களுக்கு இல்லை என்றால் எனக்கும் இல்லை. ஒரே அம்மா வயிற்றில் பிறந்தோம். ஒரே அறையில் படுத்தோம், ஒரே பானையில் தண்ணீர் குடித்தோம். கிடங்குக்கு வருகிற லாரியில் ஒரே ஒரு மாதிரி மூட்டையை இரும்புக் குழலால் குத்தி, கைப்பிடி தானியத்தை எடுத்துப் பார்த்துவிட்டு லோடு முழுவதையும் இறக்குவோமே, ஒவ்வொரு மூட்டையாகவா குத்திக்கொண்டிருந்தோம்? நீங்கள் பார்த்துவிட்டது போதும். விஷயம் முடிந்தது.

தங்கள் அன்புத் தம்பி

ஏப்ரல் 7

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூளைக்குத்தான் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

கடிதத்தைப் படித்துக்காட்டிவிட்டுத் தையல்காரம்மா, "ஏன் பெரியவரே, உங்க தம்பி நிஜமாவே எட்டாவது படிச்சாரா?" என்றாள். 

நான் உனக்கு மாதிரி மூட்டையாடா? குழல் குத்தினது எந்த மூட்டையை? வியாபாரி கை காட்டின மேலடுக்கு மூட்டையை. கூரை பறந்த வருஷம் அப்படிக் குத்திப் பார்த்து, பொன்னு மாதிரி இருக்கிறது என்று மேஸ்திரி தலையாட்டி இறக்கின லோடில், அடியில் இருந்தது பூராவும் நனைந்து முளைவிட்டுக் கிடந்ததே. அதைக் கொட்டி அள்ளினவன் நீ. நாற்றம் போகவில்லை என்று ஒரு வாரம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். அது மறந்துபோயிற்று, குழல் மட்டும் நினைவிருக்கிறதா?

நான் கக்கூசுக்குள் இருந்தேன். நீ வரிசையில் இருந்தாய். இதில் அம்மா வயிறும் தண்ணீர்ப் பானையும் எங்கே வந்தது? தண்ணீர் குடித்தால் இது வராது, பக்கத்தில் படுத்தால் வராது என்று அந்த ஆஸ்பத்திரி அம்மா என் காதருகே வந்து சொன்னாள். ரத்தத்தில் போனால்தான் வருமாம், இன்னும் சில வழிகளும் உண்டாம். அந்த வழிகளை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உன் ரத்தத்தை உன் உடம்பிலிருந்துதான் எடுக்க முடியும். போ. உன் சம்சாரத்தையும் அழைத்துக்கொண்டு போ. அவளைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

கோபத்தோடு
அண்ணன்

மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு சுகம். உங்கள் கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எடைமேடையில் வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

சொல்வது சுலபம் அண்ணா. இங்கே டெஸ்ட் எடுக்கிற அறை எங்கே இருக்கிறது தெரியுமா? எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு எதிரே. எந்த நேரமும் பெஞ்சு நிறைய ஆட்கள். யார் எந்தக் கதவுக்குள் போகிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. எங்கள் சந்தில் ஒரு லேத் பட்டறைக்காரன் டெஸ்டுக்குப் போனான். அவனுக்கு ஒன்றும் இல்லை என்று சீட்டே கொடுத்துவிட்டார்கள். அதை எல்லாருக்கும் காட்டினான். "ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப் போறான்?" என்றார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இருந்தாலும் வம்பு, இல்லாவிட்டாலும் வம்பு. நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? கொஞ்சம் வேலைக் களைப்பு, அவ்வளவுதான்.

தங்கள் அன்புத் தம்பி

தையல்கார அம்மாவுக்கு: இதற்குக் கீழே இருப்பதை அண்ணனுக்குப் படித்துக்காட்ட வேண்டாம், தாங்க மாட்டார். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது. நாக்கில் வெள்ளையாகப் படர்ந்து சாப்பாடு இறங்கவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். இதற்கெல்லாம் வேறு காரணம் இருக்கலாம் அல்லவா? நீங்கள் நாலு பேரோடு பழகுகிறவர். தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

மே 31

தம்பிக்கு,

எனக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரியும். தையல்காரம்மா படிப்பதை நிறுத்தியபோது தாளில் இன்னும் கால் பக்கம் எழுத்து இருந்தது. "மிச்சத்தையும் படிம்மா" என்றேன். "படிக்க வேணாம்னு எழுதியிருக்காரு." "அப்ப அதைத்தான் முதல்ல படிச்சிருக்கணும்" என்றேன். படித்தாள்.

(தையல்காரி எழுதுவது: பெரியவர் சொன்னதை எழுதுவேன், நீங்கள் எழுதியதைப் படிப்பேன். வெட்டுவதும் மடிப்பதும் துணியோடு சரி. நீங்கள் கேட்டதற்குப் பதில்: வேறு காரணமும் இருக்கலாம். எந்தக் காரணம் என்று தெரிய அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.)

நாள் முழுக்க லாரியை எடை போடுகிறாய், உன் இடுப்பில் கயிறு கட்டுகிற அளவுக்கு வந்தது உனக்குத் தெரியவில்லையா? பவுடருக்கும் இப்படித்தான் நாக்கு வெளுத்தது. பல்பொடியை மாற்றினால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று விதமான பல்பொடி வாங்கினான், கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த மூன்றும் ஜன்னலில் இருந்தன.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான் என்கிறாய். அவனுக்கு என்ன வியாதியோ, எக்ஸ்ரேக்கு வந்திருக்கிறான்! அவனுக்காக நீ சாகப் போகிறாயா?

வருகிற மாதக் கடைசிக்குள் நீ போகவில்லை என்றால் நான் பஸ் ஏறி வருவேன். உன் எடைமேடை வாசலில் நின்று, நான் வழக்கமாகப் பேசுகிற சத்தத்தில்தான் பேசுவேன். யோசித்துக்கொள்.

அண்ணன்

ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் வர வேண்டாம். பஸ்ஸில் கூட்டம், வெயில் வேறு.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுத்துவிட்டேன். வலது கையில் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தங்கள் அன்புத் தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

என் முழங்கால் வீங்கிப்போய் மருந்துக்கடைக்காரர் படி இறங்கவே கூடாது என்கிறார். அதனால் தப்பித்தாய்.

உன் கடிதத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான். தையல்காரம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது. வலது கையா? மூன்றாம் அடுக்கிலிருந்து மூட்டை சரிந்து உன் மேல் விழுந்த நாளிலிருந்து அந்த முழங்கை நீளாதே. உனக்குச் சட்டை மாட்டிவிட்டவன் நான். மடங்கின கையில் எந்தப் பெண்ணடா ரத்தம் எடுப்பாள்? அப்படியே எடுத்தாலும், ரத்தம் எடுக்கும் முன்பு உட்காரவைத்துப் பேசுவார்களே, அது எங்கே? சம்சாரம் உண்டா என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொன்னாய்?

படிக்காதவனிடம் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்துவிட்டாய். டீயை வீணாக்கினாய்.

பொய் சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. டெஸ்டுக்குப் போவதைவிட என்னிடம் பொய் சொல்வது உனக்குச் சுலபமாகிவிட்டதே, அதற்குத்தான் கோபம். உனக்கு என்ன பயம்? இருக்கிறது என்று சொன்னால் மாத்திரை கொடுப்பார்கள். மேஸ்திரியின் சம்சாரம் அதைத்தான் சாப்பிடுகிறாள். போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள்.

பதில் எழுது. உண்மையை எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாயா என்பதை மட்டுமாவது எழுது.

அண்ணன்

செப்டம்பர் 2

மாமா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் தம்பி நன்றாக இல்லை. வேலைக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தார், எழுதவில்லை.

உங்கள் கடிதங்களை எனக்குத் தெரியாமல் சமையலறைப் பரணில் ஒளித்துவைக்கிறார். அந்தப் பரணில் பாத்திரம் எடுக்கிறவள் நான். எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு முதுகில் அக்கி வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தமும் பார்த்தார்கள். எனக்கு இருக்கிறது, மாமா. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். கணவரை அழைத்து வரச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். ஒவ்வொரு தரமும் அதையே சொன்னேன். "அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்று நர்ஸ் கேட்டுவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று திட்டுவீர்கள். எங்கள் சந்தில் யார் முதலில் டெஸ்டுக்குப் போகிறார்களோ அவர்கள்தான் வியாதியைக் கொண்டுவந்தவர்கள். நான் முதலில் போய்விட்டேன். "யார்கிட்ட வாங்கின?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்? எனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அவர் நடுங்குகிற நடுக்கத்தைப் பார்த்து, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

உங்கள் கடிதங்கள் வந்தன. ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசி என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் கண்முன்னே கரைய, நான் மட்டும் ஒளிந்து மாத்திரை முழுங்குவது இனி ஆகாது. இன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரை டப்பாவை வைக்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி மனைவி

செப்டம்பர் 11

அன்புள்ள பெண்ணுக்கு,

இதுவரை உனக்கென்று நான் ஒரு கடிதமும் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தையல்காரம்மாவின் அரை மணி நேரத்தைக் கெடுத்தேன். என் முழங்கால் கிடக்கட்டும்.

உன்மேல் கோபமே இல்லை என்று முதலில் எழுதச் சொன்னேன். பொய், அடித்துவிடச் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம்! ஒரே சுவருக்குள், ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவன் பரணில் ஒளிக்கிறான், நீ மாவில் ஒளிக்கிறாய். வீடா அது? ஆனால் அவன் உன்னை என்ன கேட்டிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். அதனால் அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஊசி என்று நான் சொன்னது சொன்னதுதான்.

ஆனால் ஒன்று. டப்பாவை வைக்கப் போகிறேன் என்று எழுதிவிட்டு யாராவது உறையை ஒட்டுவார்களா? வைத்துவிட்டல்லவா எழுத வேண்டும்! உன் கடிதம் வந்த நாளிலிருந்து இங்கே மிஷின் ஓடவில்லை. அம்மா ஒரு ரவிக்கைக்கு மூன்று கை வெட்டிவிட்டாள். என்ன நடந்தது?

மாமா

அக்டோபர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

அவள் டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என்ன இது?" என்றேன். "என்னோட மாத்திரை" என்றாள். எதற்கு என்று சொன்னாள், எத்தனை நாளாக என்றும் சொன்னாள். அண்ணா, நான் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். உங்களிடம் மறைக்கவில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பிரித்து, சம்பளம் வாங்கின ராத்திரிகள் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.  நான் வாயை மூடினேன். சாப்பாடு ஆறும் வரைக்கும் அந்த விரல் அங்கேயே இருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். எக்ஸ்ரே பெஞ்சில் எங்கள் சந்து ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் எழுந்து, "என்ன இந்தப் பக்கம்?" என்றான். அவள்தான் பதில் சொன்னாள்: "உள்ள வந்து பாருங்களேன், உங்களுக்கும் சேர்த்துப் பார்த்துடலாம்." அவன் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் என்னைப் பார்த்ததும் அவளிடம், "வெளிநாட்டுலேர்ந்து எப்ப வந்தாரு?" என்றாள். இடது கையில் ரத்தம் எடுத்தார்கள்.

எனக்கு இருக்கிறது. நெஞ்சிலும் சளி கட்டியிருந்தது, முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு அப்புறம்தான் இந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள். "மழைக்காலம் தாண்டி வந்திருந்தீங்கன்னா..." என்று டாக்டர் அம்மா ஆரம்பித்து, என் மனைவியைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது. நான் எந்திரிக்கும்போதெல்லாம் அவள் எந்திரிக்கிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் டப்பா இரண்டும் இப்போது அலமாரியில், கண்ணில் படுகிற இடத்தில் இருக்கின்றன.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இத்துடன் இந்தப் பேச்சை விட்டுவிடுவோம், அண்ணா. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். முடிந்தது.

தங்கள் அன்புத் தம்பி

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு முழங்கால் தேவலை, வாசல் வரைக்கும் நடக்கிறேன். "சாப்பாடு இறங்குகிறது" என்ற இடத்தைத் தையல்காரம்மாவை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். மூன்றாவது தரம், "கேக்கலைன்னு பொய் சொல்லாதீங்க பெரியவரே" என்றாள். தலை சுற்றினால் படுத்துக்கொள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. உன் சம்சாரம் பேசவில்லை என்றால் நீ பேசு. பேச ஒன்றும் இல்லை என்றால் பாத்திரமாவது கழுவு.

அப்புறம், முடிந்தது என்று எழுதியிருக்கிறாயே. யாருக்கு முடிந்தது? சனிக்கிழமை வரிசையில் நீ மட்டுமா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்?

மேஸ்திரியின் சம்சாரம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். விளக்கை அணைத்த பிறகும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கிடப்பானே, உனக்குப் பக்கத்துப் பாய்க்காரன் ரேடியோ, நீ தூக்கத்தில் உதைத்தால்கூடப் பேச்சை நிறுத்தாதவன், அவன் ஐஸ் பேக்டரி ஒன்றில் காவல் வேலை பார்க்கிறானாம். அவனுக்கு ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். "பேசறதுக்கே நேரம் பத்தல, இதுல ரத்தம் குடுக்க எங்க போறது?" என்று சிரித்தானாம். சிரிப்புக்கு நடுவில் இருமலாம்.

நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். கக்கூசில் ஒளிந்தவன் பேச்சு என்பான். நீ சொன்னால்தான் உண்டு. உன் கையால் எழுது. உனக்கு இருக்கிறது என்று எழுது, அதை எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோஜனம் இல்லை. பதில் போட மாட்டான், மறுபடி எழுது. சண்டைக்கு வருவான், மறுபடி எழுது. எட்டு மாதமாக நான் பட்ட எரிச்சலை இனி நீ படு. எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், தையல்காரம்மாவுக்கும் தைக்க வேலை கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இருவரும். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. ஊசிக்காரரே போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த வரிசையில் உன்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது ரேடியோ ஒருத்தன்தான்.